ஏரிக் காட்சியில் திரை துடிக்கிறது

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்றாம் அத்தியாயத்தின் ஏரிக் காட்சி கைக்கு வந்தது. சுரங்கத்துக்கு அடியில் ஓர் ஏரி, அதில் ஒரு படகு, படகில் ஒரு லாந்தர். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் திரை துடிக்கிறது.

மின்னுகிறது என்று எழுதலாமா? இல்லை, அது வேறு. இது பளிச்சென்று வெட்டவில்லை. கருஞ்சாம்பல் தண்ணீர் முழுக்க ஒரு சிட்டிகை வெளுக்கிறது, ஒரு சிட்டிகை கறுக்கிறது, மறுபடி வெளுக்கிறது. படகு கரையை விட்டதும் ஆரம்பிக்கிறது, எதிர்க்கரை வந்ததும் நிற்கிறது. பதினான்கு வருடமாக வீடியோ கேமில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. மற்றவர்கள் ஆபீசில் விளையாடினால் திட்டு வாங்குவார்கள், நான் விளையாடாவிட்டால் திட்டு வாங்குவேன். என் கண்ணுக்குத் தப்பிப்போன குறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு கை விரலே போதும்.

என் வழக்கம் இது. காலையில் முதல் சுற்று வெறுங்கைச் சுற்று. ரெக்கார்டர் கிடையாது, குறிப்பு கிடையாது, கடையில் வாங்கினவன் எப்படி விளையாடுவானோ அப்படி. இரண்டாம் சுற்றில்தான் திரையில் நடப்பதையெல்லாம் பதிவு செய்கிற ரெக்கார்டரைப் போட்டுக்கொண்டு வேட்டைக்குக் கிளம்புவேன். மற்றவர்கள் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே ரெக்கார்டரைத் தட்டிவிடுவார்கள். சுவரில்தான் ஒட்டியிருக்கிறதே: 'பதிவு இல்லாத புகார் புகாரே அல்ல.' எங்கள் டெஸ்டிங் தலைவரின் கைங்கரியம். வருகிற புகாரையெல்லாம் சாயங்காலத்துக்குள் மூடிவிடுவதால் அவருக்கு ஆபீசில் 'பூட்டு' என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

முதல் சுற்றில் துடித்தது. ரெக்கார்டரைப் போட்டுக்கொண்டு, பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டேன். அப்போது துடிக்கவில்லை.

"எங்கக்கா? தண்ணி தண்ணி மாதிரிதானே இருக்கு" என்றாள்.

சரி போ. பதிவு இல்லாமலே புகாரைப் போட்டேன். நாலரை மணிக்குப் பதில் வந்துவிட்டது: 'மீண்டும் நிகழவில்லை. மூடப்பட்டது.'

மூடுங்கள் சார், மூடுங்கள். நான் திறப்பேன்.

மார்ச் 4, புதன்

காலைச் சுற்றில் மறுபடி துடித்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், துடித்தது. வலதை மூடிக்கொண்டு பார்த்தேன், அதிலும் துடித்தது.

ஏன் கண்ணை மூடி மூடிப் பார்த்தேன் என்று இங்கேயாவது ஒளிக்காமல் எழுதலாம். போன வருடம் என் இடது கண்ணின் விழித்திரையில் ஒரு கிழிசல். லேசர் வைத்து ஒட்டினார்கள். ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது நிர்வாகம் ஒரு கடிதம் நீட்டியது. பார்வையால் வேலை பாதிக்கப்பட்டால் என்னைத் தொலைபேசி உதவிப் பிரிவுக்கு மாற்றலாம் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். போடாமல் என்ன செய்வது? 'பாஸ்வேர்டை மறந்துட்டீங்களா, ஒரு நிமிஷம் லைன்ல இருங்க' என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற வேலை. அதற்கு நான் லாயக்கில்லை. இரண்டாம் நாளே யாரையாவது திட்டிவிடுவேன்.

ஆகவே கேள்வி ஒன்றே ஒன்றுதான். குறை திரையிலா, என் கண்ணிலா?

திரையில்தான். எனக்குத் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

இன்று முழுக்க மானிட்டரோடு மல்லுக்கட்டு.

போன மாதம் எல்லா மேஜைக்கும் புதிய கேமிங் மானிட்டர் வந்தது. லேப்டாப்பில் செருகிக்கொள்கிறோம். இதன் பெருமையே வேரியபிள் ரிஃப்ரெஷ் ரேட்தான். பழைய மானிட்டர் வினாடிக்கு அறுபது தடவை என்றால் அறுபது தடவை, படம் தயாரோ இல்லையோ புதுப்பித்துக்கொண்டே இருக்கும். இது அப்படியல்ல, கிராபிக்ஸ் கார்டு படத்தை நீட்டும்வரை காத்திருந்து நீட்டியதும் காட்டும். இலை போட்டுவிட்டு சோறு வருவதற்காக உட்கார்ந்திருப்பது போல. அதனால் படம் நடுவில் கிழியாது, திக்காது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

செய்தவை: கேபிளை மாற்றினேன். நடுவில் இருந்த ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகச் செருகினேன். வேறு போர்ட்டில் செருகினேன். லேப்டாப்பின் சொந்தத் திரையை அணைத்து ஒரே திரையாக்கினேன். டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். மானிட்டர் மெனுவுக்குள் போய் அந்த வசதியையே நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் ரெக்கார்டரோடுதான் செய்தேன். நாளைக்கு யாரும் 'ஆதாரம் எங்கே' என்று வாயைத் திறக்கக் கூடாது பாருங்கள்.

எதை மாற்றினாலும் துடிப்பில்லை. அப்பாடா என்று எல்லாவற்றையும் பழையபடி வைத்தால் அப்போதும் துடிப்பில்லை. மருந்து கொடுத்தாலும் நோய் இல்லை, கொடுக்காவிட்டாலும் நோய் இல்லை. இப்படி ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு எந்த வைத்தியர் பேர் வாங்க முடியும்?

பூட்டு என் மேஜைப் பக்கம் வந்தார். நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதுக்கும் ஒருதடவை கண் டாக்டரைப் பாத்துட்டு வந்துடுங்களேன்மா" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கேபிளாலேயே... வேண்டாம். "சரி சார்" என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

காலையில் துடிக்கிறது. பிறகு நின்றுவிடுகிறது. நான்கு நாளாக இதே கதை.

மானிட்டர் சூடேறியதும் சரியாகிறதோ? அப்படியானால் திரையில் குறை. இல்லை, தூங்கி எழுந்த கண் காலையில் ஏதோ தகராறு செய்துவிட்டுப் பிறகு அடங்குகிறதோ? அப்படியானால்—

அப்படியெல்லாம் இல்லை. சூடுதான். திங்கள்கிழமை சோதிக்கிறேன். மானிட்டரை வாரக் கடைசி முழுக்க அணைக்காமல் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 7, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பல் செட் செய்கிறவர். வெள்ளையில் மட்டும் பதினாறு வெள்ளை பார்க்கிற மனிதர். என் கண்ணைப் பற்றி என்னைவிட அதிகம் பயந்தவரும் அவர்தான். சொல்லி முடித்ததும் எழுந்து ஜன்னலோரம் கூட்டிப்போய், மோவாயைப் பிடித்துத் தூக்கி, ஏதோ ஒட்டுப்பல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது போல இடது கண்ணைப் பார்த்தார்.

"சிவப்பா இல்லியே."

"விழித்திரை உள்ள இருக்குங்க. உங்களுக்குத் தெரியாது."

"அப்ப தெரிஞ்சவங்க கிட்ட போலாம். திங்கக்கிழமை காலையில போன் பண்றேன்."

அத்தை காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார்.

"நான் நல்லாவே ஆடுவேன் அத்தை. கூடம் நிஜமாவே கோணல்."

சிரித்துவிட்டார். மாமியாரைச் சிரிக்கவைப்பது சாமானியக் காரியமில்லை, ஆனால் இரவு படுக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்று, "எதுக்கும் பாத்துடும்மா" என்றார். அப்போது கிண்டல் இல்லை. 

மார்ச் 9, திங்கள்

இரண்டு நாளும் அணையாமல் சூடாகவே இருந்த மானிட்டர். காலை வெறுங்கைச் சுற்றில் துடித்தது.

ஆக, சூடு இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

அரை நாள் லீவு. கண் டாக்டரிடம் போனோம். சொட்டு மருந்து விட்டு, கூசக் கூச விளக்கடித்து, மேலே பார், கீழே பார், என் காதைப் பார் என்று ஆட்டிவைத்தார். ஒட்டின இடம் அப்படியே கெட்டியாக இருக்கிறதாம். புதுக் கிழிசல் இல்லை. வீட்டுக்காரர் என் கையை விடவே இல்லை. டாக்டர் "நல்லா இருக்கு" என்றதும்தான் விட்டார். கை வியர்த்திருந்தது, அவருடையதா என்னுடையதா தெரியவில்லை.

"அப்ப அந்தத் துடிப்பு டாக்டர்?"

"நான் பாக்கறது கண்ணு. அதுல குறையில்ல. திரையைப் பத்தி நீங்கதான்மா எனக்குச் சொல்லணும்."

நியாயமான மனிதர். சொல்லத்தான் போகிறேன்.

மார்ச் 11, புதன்

பிடித்துவிட்டேன்! பிடித்தேவிட்டேன்!

ஆற அமர எழுதுகிறேன். நாளைக்கு எல்லாரிடமும் இதே வரிசையில் சொல்ல வேண்டும்.

மானிட்டர் மெனுவில் ஒரு மூலையில் எண்ணைக் காட்டுகிற வசதி இருக்கிறது. இந்த நொடியில் திரை எத்தனை தடவை புதுப்பித்துக்கொள்கிறது என்ற எண். காலையிலேயே அதைப் போட்டுவைத்தேன். வெறுங்கைச் சுற்றில் படகு கரையை விட்டதும் 50, 49, 48, சட்டென்று 94, மறுபடி 49, மறுபடி 95. எண் குதிக்கும்போதெல்லாம் தண்ணீர் துடித்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு குதியாட்டம்.

உடனே வழக்கம்போல ரெக்கார்டரைப் போட்டேன். எண் 144இல் ஆணி அடித்தது போல நின்றுவிட்டது. துடிப்பும் போச்சு. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை! எழுதவே வெட்கமாக இருக்கிறது. மானிட்டர் ஏதோ மக்கர் பண்ணுகிறது என்று மெனுவைக் குடைந்துகொண்டே இருந்தேன்.

மூன்று மணிக்கு விளையாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று துடிக்க ஆரம்பித்தது. மூன்று மணிக்கு! காலையில் அல்ல. ரெக்கார்டரோடு! எண்ணைப் பார்த்தேன், 48, 94, 49. திரையின் கீழ்மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு: டிஸ்க்கில் இடமில்லை, பதிவு நிறுத்தப்பட்டது.

அப்போதுதான் உறைத்தது. பிறகு பழைய பதிவுகளை அழித்து இடம் பண்ணி, ரெக்கார்டரைப் போட்டேன், துடிப்பு நின்றது. எடுத்தேன், துடித்தது. போட்டேன், நின்றது. பத்து தடவை. பத்து தடவையும் அப்படியே. மண்டையில் அடித்துக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரி பயந்து, "என்னக்கா ஆச்சு?" என்றாள்.

ஆனது இதுதான். இந்த மானிட்டரால் வினாடிக்கு 48க்குக் கீழே இறங்க முடியாது. படம் அதற்குக் குறைவாக வந்தால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை காட்டிச் சமாளிக்கும். 47 வந்தால் 94. ஏரிக் காட்சி கனமான காட்சி, எங்கள் லேப்டாப்பில் சரியாக 47, 48, 49 என்று எல்லைக்கோட்டில் நின்று இங்கும் அங்கும் தள்ளாடுகிறது. திரையும் கூடவே இரட்டிப்புக்கும் ஒற்றைக்கும் தாவுகிறது. ஒவ்வொரு வேகத்திலும் வெளிச்சம் ஒரு சிட்டிகை வித்தியாசப்படும். வெயில் காட்சியில் யாருக்கும் தெரியாது. இருட்டுத் தண்ணீரில் தெரியும்.

ரெக்கார்டர் என்ன செய்கிறது? விளையாட்டை முழுத்திரையிலிருந்து சாதாரண ஜன்னல் மாதிரி ஆக்கிவிடுகிறது. உடனே வேரியபிள் ரிஃப்ரெஷ் ரேட் தூங்கிவிடுகிறது, திரை 144இல் நிலையாக நின்றுவிடுகிறது. திருடனைப் பிடிக்க நாங்கள் போட்ட விளக்குதான் திருடனை ஓடவைத்திருக்கிறது. ரெக்கார்டர் போடாமல் புகார் இல்லை, போட்டால் குறை இல்லை. அத்தனை பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, குறை வரவே முடியாத இடத்தில் தேடியிருக்கிறோம். வியாழக்கிழமை முழுக்க ஆதாரம் ஆதாரம் என்று ரெக்கார்டரோடு மாரடித்த நானும்தான்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "கூடம்தாங்க கோணல்!" என்றேன். அங்கே பல் ராவுகிற சத்தத்தில் காதில் விழவில்லை. "என்ன கோணம்?" என்று கத்தினார். நானும் கத்தினேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

மார்ச் 12, வியாழன்

எல்லாரையும் என் மேஜையைச் சுற்றி நிற்கவைத்தேன். ஒன்பது பேர். 'பதிவு இல்லாத புகார் புகாரே அல்ல' என்பதற்கு நேர் கீழே.

"ரெக்கார்டர் இல்ல. நல்லா பாத்துக்குங்க" என்று படகை விட்டேன்.

"அய்யய்யோ, ஆமாக்கா!" பக்கத்து மேஜைக்காரிதான் முதலில். பிறகு வரிசையாக ஆமா, ஆமா, ஆமா. ஒருத்தர் விடாமல் ஒன்பது பேருக்கும் தெரிந்தது. ஒன்பது பேர் கண்ணும் கிழிந்திருக்காது அல்லவா?

கிராபிக்ஸ் புரோகிராமர் அம்மா கடைசியில் நின்றிருந்தார். ஆபீசில் 'மௌனி' என்றால் அவர்தான், வருடத்துக்கு நாற்பது வார்த்தை பேசுவார். குனிந்து மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தார். "மூடுபனி" என்றார். போய்விட்டார். ஒரு மணி நேரத்தில் அவரிடமிருந்து குறிப்பு வந்தது: ஏரிக்கு மேலே உள்ள மூடுபனிதான் கனம், அதைக் குறைத்தால் காட்சி அறுபதுக்குக் கீழே இறங்காது, எல்லைக்கோட்டுப் பக்கமே போகாது. கேம் இருபத்தேழாம் தேதி வெளியாகிறது, அதற்குள் முடித்துவிடுவாராம்.

எல்லாரும் வந்தார்கள், பூட்டு மட்டும் வரவில்லை. தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் ஆமா என்றதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வார்த்தை இல்லை. 'நல்ல வேலைம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா?

மார்ச் 13, வெள்ளி

குளிக்கும்போது தோன்றியது. தோன்றியதிலிருந்து கொதிக்கிறது.

ரெக்கார்டர் இல்லாமல் விளையாடுகிறவள் இந்த ஆபீசில் நான் ஒருத்தி. வேறு யார்? பூட்டு! அவர் புகார் எழுதுகிறவர் இல்லையே, மூடுகிறவர்தானே. அவர் எதற்கு ரெக்கார்டர் போடப் போகிறார்? எங்களுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு அத்தியாயத்தையும் தன் அறையில் உட்கார்ந்து ஒரு தடவை விளையாடிவிடுவார். அதே லேப்டாப். அதே மானிட்டர். அதே ஏரி.

பாத்திருக்கான். பாத்துட்டுத்தான் என் புகாரை மூடியிருக்கான். பாத்துட்டுத்தான் என்னைக் கண் டாக்டர்கிட்ட போகச் சொல்லியிருக்கான்! எதுக்கு? என்னைத் தொலைபேசிப் பிரிவுக்குத் தள்ளவா? வெளியீடு தள்ளிப்போனா பேர் கெட்டுடும்னா? என் கண்ணு அவ்வளவு இளப்பமா?

நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். இரண்டு பக்கம். தேதி, நேரம், அவர் சொன்ன சொல் எல்லாம் இருக்கிறது. திங்கள்கிழமை காலை முதல் வேலை அதை அனுப்புவதுதான்.

மார்ச் 14, சனி

கடிதத்தை வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒண்ணு மட்டும் இல்ல."

"என்ன?"

"அந்த மனுஷன் என்ன சொன்னார்னு இல்ல. நீ கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கைப்புண்ணுக்குக் கண்ணாடியா?

"அப்ப கேட்டுட்டு அனுப்பு. கடிதம் எங்க போயிடப் போகுது."

மார்ச் 16, திங்கள்

கடிதத்தை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பூட்டின் அறைக்குள் போனேன். கதவைத் தட்டவில்லை. அது தப்புத்தான், ஆனால் தட்டுகிற நிலையில் நான் இல்லை.

அவர் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார். எழுத்துகள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம். நான் அந்த அறைக்குள் வந்து ஆறு மாதம் இருக்கும். எப்போதும் வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவோம்.

"ஏரிக் காட்சி துடிச்சதை நீங்க பாத்தீங்களா இல்லையா சார்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"பாத்தேன்மா. உங்களுக்கு ஒரு வாரம் முன்னாடியே பாத்தேன்."

"அப்புறம் ஏன் சார் மூடினீங்க?"

"எனக்குப் பதினோரு வருஷமா சர்க்கரை. கண்ணைக் காட்டி நாலு வருஷம் ஆச்சு. இருட்டுல மட்டும் துடிக்குதுன்னதும் சரி, கண்ணுக்கு வந்துடுச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். ரெக்கார்டர் போட்டுக்கிட்டு நீங்க எல்லாரும் ஒண்ணுமில்லன்னு சொல்றீங்க. அப்ப என் கண்ணுதானே?"

"ஆனா நான் புகார் போட்டேனே சார்!"

"போட்டீங்க. மொதல்ல சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் தோணுச்சு, உங்களுக்கும் கண்ணுல ஆபரேஷன் ஆயிருக்கே. கண்ணு கெட்டவங்க ரெண்டு பேர் பாத்தது சாட்சி ஆகுமா?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நானும் பாத்தேன்னு சொன்னா அடுத்த கேள்வி என் கண்ணைப் பத்தித்தான் வரும். அதான் மூடினேன். உங்களை டாக்டர்கிட்ட போகச் சொன்னேன் பாருங்க, அது நான் போயிருக்க வேண்டியது. எனக்குத் தைரியம் இல்ல."

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வியாழக்கிழமை எல்லாரும் ஆமா ஆமான்னாங்களே, அன்னைக்கு உள்ள வந்து கதவைச் சாத்திட்டு அழுதேன்மா. என் கண்ணு நல்லா இருக்குன்னு."

நான் எவ்வளவு பெரிய முட்டாள்! பதினான்கு வருடம் குறை கண்டுபிடித்தவளுக்கு, இரண்டு கஜம் தள்ளி ஒரு மனிதர் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தனியாகப் பயந்துகொண்டிருந்தது கண்ணில் படவில்லை. ஆனால் கோபமும் முழுக்கப் போகவில்லை, அதையும் எழுதிவிட வேண்டும். என் புகாரை மூடியது தப்புத்தான். அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "தப்புதான்மா" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் இழுக்கவில்லை.

"நாலு வருஷம் ரொம்ப ஜாஸ்தி சார். வெள்ளிக்கிழமை என் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"இப்பதான் கண்ணு நல்லா இருக்குன்னு தெரிஞ்சுபோச்சே" என்றார். பிறகு, "சரி, அதனால என்ன, வர்றேன்" என்றார். நிஜமான உற்சாகத்தோடு சொன்னார்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

மார்ச் 18, புதன்

மௌனியின் திருத்தம் வந்தது. மூலையில் எண் 63, 66, 64. ஏரி அப்படியே கிடக்கிறது. எட்டு லேப்டாப்பில், ரெக்கார்டரோடும் ரெக்கார்டர் இல்லாமலும் ஓட்டிப் பார்த்தோம். துடிப்பே இல்லை.

திறன் குறைந்த கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்களுக்காக ஓர் உதவிப் பக்கமும் எழுதிக் கொடுத்தேன். முதலில் மானிட்டரின் எண்ணைப் பாருங்கள், அது குதித்தால் கேமை வினாடிக்கு நாற்பது படத்தில் கட்டிவையுங்கள், எப்போதும் இரட்டிப்பிலேயே இருக்கும், தாவாது. அதற்குப் பிறகுதான் கேபிளை மாற்றுவதெல்லாம். மௌனி படித்துவிட்டு "நல்லா இருக்கு" என்றார். இந்த வருடத்து ஒதுக்கீட்டில் எனக்கு இரண்டு வார்த்தை!

மார்ச் 20, வெள்ளி

பூட்டை அழைத்துப் போனேன். காரில் பாட்டெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். "நீங்களும் வாங்கம்மா" என்றார், போனேன். டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு வலது கண்ணைப் பார்த்தார், இடதைப் பார்த்தார், மறுபடி வலதைப் பார்த்தார். என்னிடம் பேசிக்கொண்டே பார்த்த மனிதர் இவரிடம் பேசவில்லை.

இரண்டு கண்ணிலும் ரத்தக் கசிவு. சர்க்கரையால்தான். படங்களைக் காட்டினார், சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள். பெரிய எழுத்துக்கும் ஒரு சாண் தூரத்துக்கும் அதுதான் காரணமாம். வயசு ஆச்சு, கண்ணாடியை மாத்தணும் என்று பூட்டு தள்ளிப்போட்டிருக்கிறார். லேசர் வைக்க வேண்டும், அடுத்த வாரமே. இப்போது வந்ததால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றிவிடலாம், இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார்.

"திரை துடிச்சது இதனாலயா டாக்டர்?" பூட்டு கேட்டார்.

"இல்லீங்க. இது இப்படியெல்லாம் சொல்லிட்டு வராது. சத்தமே இல்லாம வரும். துடிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். கிணறு வெட்டப் பூதம். நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பாவம், என் பேச்சைக் கேட்டு எவ்வளவு சந்தோஷமாக வந்தார்!

மார்ச் 24, செவ்வாய்

பூட்டுக்கு முதல் கண்ணில் லேசர் முடிந்தது. அவர் வரும்வரை புகார்களைப் பார்க்கிற பொறுப்பு எனக்கு. நிர்வாகம் கடிதம் அனுப்பியிருக்கிறது. இந்தத் தடவை கையெழுத்துப் போடக் கை கூசவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இன்று கேம் வெளியானது. ஏரியைப் பற்றி ஒரே ஒரு புகார், படகு மெதுவாகப் போகிறதாம். சுரங்கத்துப் படகு பின்னே எப்படிப் போகும்!

மத்தியானம் பூட்டு வீட்டிலிருந்து போன். அவருடைய மனைவி. நேற்று இரண்டாவது கண்ணும் முடிந்ததாம், காலையில் பேப்பரின் தலைப்பை அவரே படித்தாராம்.

"நாலு வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்மா. கெஞ்சியிருக்கேன், சண்டை போட்டிருக்கேன், பிள்ளைங்களை விட்டுச் சொல்லச் சொன்னேன். போனா ஏதாவது சொல்லிடுவாங்கன்னு அவ்வளவு பயம் இவருக்கு. நீங்க மட்டும் என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போனீங்க?"

என்ன சொன்னேன்? 

"கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லித்தாங்க கூட்டிட்டுப் போனேன்."